கம்ப்யூட்டரில் ஓர் ஒத்திகை போன்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "போனில் இருக்கும் ஆப்களைக் கம்ப்யூட்டரிலும் ஓட்ட முடியுமா?" முடியும். ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்பவர்களில் பாதிப்பேர் பதிலுக்குக் காத்திருப்பதில்லை. இண்டர்நெட்டில் தேடி, முதலில் கண்ணில் படும் ஏதோ ஓர் எமுலேட்டரை டவுன்லோட் செய்து, அதோடு ஒட்டிக்கொண்டு வரும் நான்கு தேவையில்லாத புரோகிராம்களையும் சேர்த்து இன்ஸ்டால் செய்துவிடுகிறார்கள். ஒரு வாரம் கழித்து "கம்ப்யூட்டர் ரொம்ப ஸ்லோவாகிவிட்டது" என்று வந்து நிற்கிறார்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆண்ட்ராய்டை உங்கள் கம்ப்யூட்டரில் ஒரு விர்ச்சுவல் மெஷினுக்குள் போட்டு வைத்துக்கொள்வது நல்லது. ஆனால் ஆப் ஓட்டுவதற்கான குறுக்கு வழியாக அதை நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். உங்கள் கையில் இருக்கும் போனில் செய்து பார்க்கப் பயப்படும் காரியங்களை எல்லாம் செய்து பார்ப்பதற்கான இடமாக அதை வைத்துக்கொள்ளுங்கள்.

பயம் நியாயமானதுதான். இன்று போனில்தான் பேங்க் கணக்கு இருக்கிறது. காஸ் சிலிண்டர் பதிவு, ஆதாருக்கான ஓ.டி.பி., பிள்ளையின் ஸ்கூல் செய்தி, பத்து வருட போட்டோக்கள் எல்லாம் அதில்தான். அதனால் செட்டிங்ஸ் பக்கம் போகவே பலருக்கும் கை நடுங்குகிறது. ஆப் கேட்கும் அனுமதிகளுக்கெல்லாம் "அலவ்" என்று தட்டிவிட்டுப் போகிறார்கள். வருடக் கணக்கில் ஒரு போனை வைத்திருந்தும் அது எப்படி இயங்குகிறது என்பது தெரியாமலே இருக்கிறார்கள். ஏமாற்றுக்காரர்கள் பிழைப்பு நடத்துவது இந்தத் தெரியாமையில்தான்.

விர்ச்சுவல் மெஷின் என்றால் என்ன என்று பார்ப்போம். உங்கள் கம்ப்யூட்டரின் ராம், பிராசசர், ஹார்ட் டிஸ்க் ஆகியவற்றில் ஒரு பங்கை ஒதுக்கி, "இதுதான் ஒரு முழுக் கம்ப்யூட்டர்" என்று இன்னோர் ஆபரேட்டிங் சிஸ்டத்தை நம்ப வைக்கும் சாப்ட்வேர் அது. உள்ளே ஓடும் சிஸ்டத்துக்குத் தான் ஒரு ஜன்னலுக்குள் அடைபட்டிருப்பது தெரியாது. அதன் ஹார்ட் டிஸ்க் என்பது உண்மையில் உங்கள் டிஸ்க்கில் இருக்கும் ஒரு பெரிய பைல். அவ்வளவுதான்.

இது புதிய கண்டுபிடிப்பு என்று நினைக்க வேண்டாம். ஐ.பி.எம். நிறுவனம் 1960களிலேயே தன் பெரிய மெயின்பிரேம் கம்ப்யூட்டர்களில் இதைச் செய்து பார்த்தது; 1972ல் வி.எம்./370 என்ற பெயரில் வெளியிட்டது. நம் வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு 1999ல் விஎம்வேர் மூலம் வந்தது. 2005ல் இன்டெல், 2006ல் ஏ.எம்.டி. ஆகியவை இதற்கான வசதியைப் பிராசசருக்குள்ளேயே வைக்கத் தொடங்கின. இலவசமாகக் கிடைக்கும் விர்ச்சுவல் பாக்ஸ், இன்னோடெக் என்ற ஜெர்மன் நிறுவனத்தில் பிறந்து, 2008ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸிடம் போய், 2010ல் அந்த நிறுவனத்தோடு சேர்ந்து ஆரக்கிளிடம் வந்தது. கைமாறியும் இன்றுவரை இலவசமாகவே இருக்கிறது. விஎம்வேர் ஒர்க்ஸ்டேஷன் புரோவும் 2024 முதல் இலவசமாகிவிட்டது. எனக்குப் பழகியது விர்ச்சுவல் பாக்ஸ் என்பதால் அதை வைத்தே சொல்கிறேன்.

"விண்டோஸ் 11லேயே ஆண்ட்ராய்ட் வசதி உண்டாமே?" என்று சிலர் கேட்கலாம். இருந்தது. 2021ல் மைக்ரோசாப்ட் அறிவித்து, அமேசான் ஆப்ஸ்டோரோடு சேர்த்துத் தந்தது. 2025 மார்ச் 5ஆம் தேதியோடு அதை நிறுத்திவிட்டது. பழைய கட்டுரைகளைப் படித்துவிட்டு அதைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். ஒரு நிறுவனம் கொடுத்ததை அதே நிறுவனம் எடுத்துக்கொள்ளும் என்பதற்காகவே, இதைச் சொந்தக் கையால் நிறுவிப் பழகுவது மேல் என்பேன்.

நமக்குத் தேவையானது ஆண்ட்ராய்ட் எக்ஸ்86 என்ற திட்டத்தின் ஐ.எஸ்.ஓ. பைல். போன்களில் இருப்பது பெரும்பாலும் ஆர்ம் வகை சிப். நம் கம்ப்யூட்டர்களில் இருப்பது பெரும்பாலும் இன்டெல் அல்லது ஏ.எம்.டி. இரண்டும் வேறு வேறு மொழி பேசுபவை. ஆண்ட்ராய்டின் மூல நிரல் திறந்த நிலையில் இருப்பதால், 2009ல் சில தன்னார்வலர்கள் சேர்ந்து அதை நம் கம்ப்யூட்டர் சிப்புக்கு ஏற்றபடி மாற்றத் தொடங்கினார்கள். 2020ல் வந்த 9.0-ஆர்2 என்ற பதிப்பு இந்த வேலைக்குப் போதும். 64 பிட் பைலையே எடுங்கள், 1 ஜி.பி.க்குச் சற்றுக் குறைவாக இருக்கும். புதிய ஆண்ட்ராய்ட்தான் வேண்டும் என்றால், இதே அடித்தளத்தில் வளர்ந்த ப்ளிஸ் ஓ.எஸ். இருக்கிறது. ஆனால் அதற்குக் கம்ப்யூட்டரும் கொஞ்சம் வலுவாக இருக்க வேண்டும். எதுவானாலும் அந்தந்தத் திட்டத்தின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் டவுன்லோட் செய்யவும்.

ஆரம்பிக்கும் முன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் "பெர்பார்மன்ஸ்" பகுதியில் சி.பி.யு.வைக் கிளிக் செய்தால், கீழே "விர்ச்சுவலைசேஷன்" என்பதற்கு எதிரே "எனேபிள்டு" என்று இருக்க வேண்டும். "டிசேபிள்டு" என்று இருந்தால் பயாஸ் செட்டிங்கிற்குள் போய் மாற்ற வேண்டும். இன்டெல் கம்ப்யூட்டரில் அது பெரும்பாலும் "விர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி" என்றும், ஏ.எம்.டி.யில் "எஸ்.வி.எம். மோட்" என்றும் இருக்கும். பயாஸில் இதைத் தவிர வேறு எதையும் தொட வேண்டாம். ராம் 8 ஜி.பி.யாவது இருக்க வேண்டும். 4 ஜி.பி. வைத்திருப்பவர்கள் இந்தக் கட்டுரையைப் படித்து வைத்துக்கொண்டு, ராம் கூட்டிய பிறகு முயற்சி செய்யலாம். அதில் ஓட்டிப் பார்த்தால் விண்டோஸும் நகராது, ஆண்ட்ராய்டும் நகராது.

விர்ச்சுவல் பாக்ஸில் "நியூ" என்பதைக் கிளிக் செய்து, வகை லினக்ஸ், 64 பிட் என்று தேர்ந்தெடுங்கள். ராம் 2048 எம்.பி., பிராசசர் 2, டிஸ்க் 16 ஜி.பி. கொடுத்தால் போதும். அந்த 16 ஜி.பி.யும் உடனே பறிபோய்விடாது. உள்ளே பைல்கள் சேரச் சேரத்தான் வளரும். பிறகு செட்டிங்ஸில் "டிஸ்ப்ளே" பகுதிக்குப் போய் கிராபிக்ஸ் கண்ட்ரோலரை "விபாக்ஸ் எஸ்.வி.ஜி.ஏ." என்று மாற்றி, 3டி ஆக்சிலரேஷனையும் டிக் செய்யவும். இதைச் செய்யாமல் விட்டவர்களுக்குத்தான் படம் வராமல் கறுப்புத் திரையில் வெறும் எழுத்துகள் வந்து நிற்கும். முதலில் அதைப் பார்த்துவிட்டு "பைல் கெட்டுப்போய்விட்டது" என்று மறுபடியும் 1 ஜி.பி. டவுன்லோட் செய்தவர்களை எனக்குத் தெரியும். ஐ.எஸ்.ஓ. பைலைக் காட்டி ஸ்டார்ட் செய்தால் மெனு வரும். "இன்ஸ்டாலேஷன்" என்பதைத் தேர்ந்தெடுத்துத் தொடரலாம்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். பார்ட்டிஷன் போடச் சொல்லும், பார்மட் செய்யவா என்று கேட்கும், டிஸ்க்கில் உள்ள எல்லாம் அழிந்துவிடும் என்று எச்சரிக்கும். புதியவர்கள் பலர் இந்தத் திரையைப் பார்த்ததும் ஜன்னலையே மூடிவிட்டு ஓடிவிடுகிறார்கள். அழியப்போவது என்ன? நாம் சற்றுமுன் உருவாக்கிய, இன்னும் காலியாக இருக்கும் ஒரு பைல். விண்டோஸுக்கோ உங்கள் போட்டோக்களுக்கோ எதுவும் ஆகாது. விர்ச்சுவல் பாக்ஸ் ஜன்னலுக்குள்தான் இருக்கிறோம் என்பதை உறுதி செய்துகொண்டு தைரியமாக "யெஸ்" கொடுங்கள். பைல் சிஸ்டம் எது என்று கேட்டால் "எக்ஸ்ட்4", குரப் வேண்டுமா என்றால் "யெஸ்". பார்ட்டிஷன் போடுவது, பார்மட் செய்வது, பூட் லோடர் வைப்பது ஆகியவற்றை முதன்முதலாகச் செய்து பார்க்க இதைவிடப் பாதுகாப்பான இடம் கிடையாது. இன்ஜினியரிங் கல்லூரியில் எங்களுக்கு இதைப் பக்கம் பக்கமாகத் தியரியாகச் சொல்லிக் கொடுத்தார்கள். விர்ச்சுவல் மெஷினில் ஒரு மாலைப் பொழுதில் செய்து பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது. ஆனால் இதே ஐ.எஸ்.ஓ.வைப் பென் டிரைவில் ஏற்றி நிஜக் கம்ப்யூட்டரைப் பூட் செய்து இதே பதில்களைக் கொடுத்துவிடாதீர்கள். அங்கே அழிவது நிஜமான டிஸ்க்.

இன்ஸ்டால் முடிந்ததும் "டிவைசஸ்" மெனுவில் ஐ.எஸ்.ஓ.வை நீக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் மறுபடியும் இன்ஸ்டாலேஷன் திரைதான் வரும். மவுஸ் அம்பு தெரியவில்லை என்றால் "இன்புட்" மெனுவில் மவுஸ் இன்டக்ரேஷனை எடுத்துவிடவும். அதன் பிறகு மவுஸ் உள்ளேயே மாட்டிக்கொள்ளும், வலது கண்ட்ரோல் கீயைத் தட்டினால் வெளியே வரும். சும்மா விட்டால் திரை கறுத்துவிடும். அது செத்துப்போகவில்லை, போன் தூங்குவதுபோலத் தூங்குகிறது. வலது கண்ட்ரோலுடன் எச் எழுத்தைச் சேர்த்து அழுத்தினால் விழித்துக்கொள்ளும். வைபை பட்டியலில் "விர்ட்வைபை" என்று ஒன்று தெரியும். பக்கத்து வீட்டுக்காரருடையதோ என்று யோசிக்க வேண்டாம், உங்கள் கம்ப்யூட்டரின் இண்டர்நெட் இணைப்பே அந்தப் பெயரில் வருகிறது.

இப்போது முதல் வேலையாக "மெஷின்" மெனுவில் "டேக் ஸ்நாப்ஷாட்" கொடுங்கள். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதாக இருந்தால், இதை வைத்துக்கொள்ளுங்கள். அந்த நொடியில் இருக்கும் நிலை அப்படியே பதிவாகிவிடும். அதன் பிறகு உள்ளே என்ன குளறுபடி செய்தாலும், மெஷினை நிறுத்திவிட்டு "ரீஸ்டோர்" கொடுத்தால் ஒரு நிமிடத்தில் பழைய நிலைக்கு வந்துவிடும். நிஜ போனில் இப்படி ஒரு வசதி கிடையாது. இருந்திருந்தால் நம்மில் பலருக்குப் போன் மீது இருக்கும் பயம் பாதியாகக் குறைந்திருக்கும்.

என் அத்தைக்கு ஐம்பத்தெட்டு வயதில் முதல் ஸ்மார்ட்போன் வாங்கிக் கொடுத்தோம். கையில் கொடுத்தால் பட்டனைத் தொடவே மாட்டார். "எதையாவது அமுக்கி எல்லாம் போயிடுச்சுன்னா என்னப்பா பண்றது?" என்பார். நான் லேப்டாப்பில் இந்த ஆண்ட்ராய்டைத் திறந்து முன்னால் வைத்தேன். "இது யாருடைய போனும் இல்லை அத்தை. என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள்" என்றேன். முதல் நாளே பேக்டரி ரீசெட் வரை போய்விட்டார். "போச்சுப்பா, எல்லாம் போச்சு" என்று அவர் பதறியபோது ஸ்நாப்ஷாட்டை ரீஸ்டோர் செய்து காட்டினேன். அதற்குப் பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. பத்து நாளில் வால்பேப்பர் மாற்றுவது, ஆப்பை நீக்குவது, எழுத்தைப் பெரிதாக்குவது, நோட்டிபிகேஷனை நிறுத்துவது எல்லாம் பழகிவிட்டார். பெரிய திரையில் இரண்டு பேரும் ஒன்றாகப் பார்க்க முடிந்ததும் ஒரு காரணம். ஐந்து அங்குலத் திரையைத் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்து யாருக்கும் எதையும் கற்றுக்கொடுக்க முடியாது.

சரி, நீங்கள் என்ன செய்து பார்க்கலாம்? நான் முதலில் காட்டுவது அனுமதிகள் பகுதியைத்தான். ஒரு சாதாரண ஆப்பை இன்ஸ்டால் செய்து, அது கேட்கும் ஒவ்வொரு அனுமதிக்கும் "டினை" கொடுங்கள். எது இல்லாமலும் அது வேலை செய்கிறது, எது இல்லாவிட்டால் நின்றுவிடுகிறது என்று பாருங்கள். பெரும்பாலான ஆப்கள், கேட்டதில் பாதியைக் கொடுக்காவிட்டாலும் ஒழுங்காகவே ஓடும். 2013ல் அமெரிக்காவில் "பிரைட்டஸ்ட் ப்ளாஷ்லைட்" என்ற டார்ச் லைட் ஆப் மீது அந்நாட்டின் வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுத்தது. கோடிக்கணக்கான முறை டவுன்லோட் ஆகியிருந்த அந்த ஆப், போன் இருக்கும் இடத்தை விளம்பர நிறுவனங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. விளக்கு எரிய ஊர் தெரிய வேண்டியதில்லை. ஆண்ட்ராய்ட் 6 வந்த 2015க்குப் பிறகு ஒவ்வோர் அனுமதியையும் தனித்தனியாக மறுக்கும் வசதி நம் கையில் இருக்கிறது. பயன்படுத்திப் பழகாததால்தான் நாம் எல்லாவற்றையும் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

அடுத்து, பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து வரும் ஏ.பி.கே. பைல். கல்யாணப் பத்திரிகை என்றும், டிராபிக் அபராத ரசீது என்றும் வாட்ஸ்அப்பில் ஏ.பி.கே. பைல் அனுப்பிப் பேங்க் கணக்கைக் காலி செய்யும் மோசடி பற்றி 2024 முதல் போலீஸார் எச்சரித்து வருகிறார்கள். ஏமாந்தவர்கள் எல்லோரும் படிக்காதவர்கள் இல்லை. ஏ.பி.கே. என்றால் புரோகிராம், பத்திரிகை படமாகவோ பி.டி.எப். ஆகவோதான் வரும் என்ற ஒரு வித்தியாசத்தை யாரும் அவர்களுக்குக் காட்டவில்லை. விர்ச்சுவல் மெஷினில் ஒரு நல்ல ஆப்பின் ஏ.பி.கே.யை அதன் சொந்தத் தளத்திலிருந்து எடுத்து இன்ஸ்டால் செய்து பாருங்கள். "தெரியாத இடத்திலிருந்து வரும் ஆப்" என்று ஆண்ட்ராய்ட் எப்படித் தடுக்கிறது, எந்தத் திரையில் அனுமதி கேட்கிறது என்பதை ஒருமுறை கண்ணால் பார்த்தவர்கள், நிஜ போனில் அதே திரை வரும்போது கையை எடுத்துவிடுவார்கள்.

அதற்காக, வந்த மோசடி பைலையே உள்ளே போட்டு வேடிக்கை பார்க்கக் கூடாது. விர்ச்சுவல் மெஷின் நல்ல சுவர்தான். ஆனால் உள்ளே இருப்பது உங்கள் இண்டர்நெட் இணைப்பைத்தான் பயன்படுத்துகிறது, உங்கள் வீட்டு நெட்வொர்க்கில் உள்ள மற்ற கருவிகளையும் அதனால் எட்ட முடியும். வைரஸ் ஆராய்ச்சி அதற்கான ஆட்களுக்கு உரியது.

இன்னும் சில விஷயங்களில் நான் கண்டிப்பாகவே இருப்பேன். பேங்க் ஆப், யு.பி.ஐ. ஆப் எதையும் இதில் போட வேண்டாம். யு.பி.ஐ. ஆப் பதிவு செய்ய உங்கள் சிம்மிலிருந்தே எஸ்.எம்.எஸ். போக வேண்டும், இதில் சிம் இல்லை. பல பேங்க் ஆப்கள், இது உண்மையான போன் இல்லை என்று கண்டுபிடித்து ஓட மறுத்துவிடும். அதைச் சுற்றி ஏமாற்றி ஓட்ட வழி சொல்லும் வீடியோக்கள் உண்டு, அந்தப் பக்கம் போகாதீர்கள். மேலும் இந்த ஆண்ட்ராய்ட் 9 என்பது 2018ல் வெளியானது. பாதுகாப்புத் திருத்தங்கள் இப்போது வருவதில்லை. எனவே உங்கள் முக்கிய கூகுள் கணக்கைக் கொடுக்காமல், இதற்கென்று ஒரு புதிய கணக்கைத் திறந்துகொள்ளுங்கள். வாட்ஸ்அப்பை இதில் உங்கள் எண்ணோடு பதிவு செய்தால் நிஜ போனில் வெளியேற்றிவிடும். கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப் வேண்டும் என்றால் அந்த நிறுவனமே விண்டோஸுக்குத் தனி ஆப் தருகிறது, க்யூ.ஆர். கோடை ஸ்கேன் செய்தால் முடிந்தது.

விளையாட்டுகளைப் பொறுத்தவரை அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். ஆர்ம் சிப்புக்கென்றே எழுதப்பட்ட பகுதிகள் அவற்றில் நிறைய இருப்பதால் சில திறக்காது, சில திறந்து மூடிவிடும். சில ஆப்கள் திரையைப் பக்கவாட்டில் திருப்பிவிட்டு உங்கள் கழுத்தைச் சாய்க்க வைக்கும். விளையாட்டுக்காகத்தான் என்றால் கூகுளே தரும் "கூகுள் பிளே கேம்ஸ்" விண்டோஸ் புரோகிராமைப் பார்க்கலாம். வேகம் மோசமாக இருந்து, ஜன்னலின் கீழ்ப்பட்டையில் பச்சை நிற ஆமைப் படம் ஒன்று தெரிந்தால், விண்டோஸின் ஹைப்பர்-வி என்ற வசதி பிராசசரைப் பிடித்து வைத்திருக்கிறது என்று பொருள். ஆமை படம் போட்டுச் சொல்லும் நகைச்சுவை உணர்வு சாப்ட்வேர் எழுதுபவர்களுக்கு எப்போதாவதுதான் வரும்! கற்றுக்கொள்ள மட்டும் என்றால் ஆமையோடேயே காலம் தள்ளலாம். அதற்காக விண்டோஸின் பாதுகாப்பு வசதிகளை அணைக்க வேண்டியதில்லை.

ஐபோனுக்கு இப்படி உண்டா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். ஐ.ஓ.எஸ். சிஸ்டத்தை ஆப்பிள் தன் கருவிகளைத் தவிர வேறெங்கும் போட அனுமதிப்பதில்லை. ஆப் எழுதுபவர்களுக்காக ஆப்பிள் தரும் சிமுலேட்டரும் மேக் கம்ப்யூட்டரில் மட்டுமே ஓடும். "விண்டோஸில் ஐபோன்" என்று டவுன்லோட் பட்டன் வைத்திருக்கும் தளங்களைக் கண்டால் உடனே மூடிவிடுங்கள்.

நண்பர்கள் சிலர் வாதம் செய்வதுண்டு. "இவ்வளவு சிரமம் எதற்கு? அலமாரியில் கிடக்கும் பழைய போனை எடுத்துக் கற்றுக்கொள்ளலாமே?" ஆப் ஓட்டுவதுதான் நோக்கம் என்றால் பழைய போன் இதைவிட நூறு மடங்கு மேல், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பழைய போனில் ஸ்நாப்ஷாட் இல்லை. அதில் உங்கள் பழைய கணக்கும் பழைய போட்டோக்களும் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும், எனவே பழைய பயமும் இருக்கும். நான் வேலை செய்யும் துறையில் ஓர் ஆப்பை எழுதுபவர் அதை முதலில் நிஜ போனில் ஓட்டுவதில்லை. ஆண்ட்ராய்ட் ஸ்டூடியோவில் வரும் எமுலேட்டரில்தான் பெரும்பாலும் ஓட்டிப் பார்க்கிறார். போனை நன்றாகத் தெரிந்தவர்களுக்கே ஒத்திகை இடம் வேண்டியிருக்கிறது. தெரியாதவர்களை மட்டும் நேராக மேடையில் ஏற்றிவிடுகிறோம். ஆப் எழுதும் ஆர்வம் உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு வந்தால் அந்த ஆண்ட்ராய்ட் ஸ்டூடியோவும் இலவசம்தான். ஆனால் ராம் 16 ஜி.பி. இருந்தால் நிம்மதி.

கடைசியாக, வேண்டாம் என்று தோன்றினால் எப்படி நீக்குவது? விர்ச்சுவல் பாக்ஸின் இடப்பக்கப் பட்டியலில் அந்த மெஷின் மீது ரைட் கிளிக் செய்து "ரிமூவ்" கொடுங்கள். பட்டியலிலிருந்து மட்டும் எடுக்கவா, எல்லாப் பைல்களையும் அழிக்கவா என்று கேட்கும். "டெலீட் ஆல் பைல்ஸ்" கொடுத்தால் அந்த ஆண்ட்ராய்டும் அதன் ஸ்நாப்ஷாட்டுகளும் போய், டிஸ்க்கில் பிடித்திருந்த இடம் திரும்பக் கிடைத்துவிடும். டவுன்லோட் செய்த ஐ.எஸ்.ஓ. பைலை மட்டும் அழிக்காமல் வைத்திருங்கள். அடுத்த மாதமே யாராவது உறவினர் புதிய போனோடு வீட்டுக்கு வருவார்.